பிரசவ அறையின் விளக்கு அணையாதிருக்க



மிஷன் மருத்துவமனைகளை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவருகிற சபையார் பலர் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஆஸ்பத்திரிக் கூரைமேல் சூரிய மின்தகடுகள் பொருத்த எங்கள் சபை உதவ ஆயத்தமாயிருக்கிறது. எத்தனை தகடு வேண்டும்? எவ்வளவு செலவாகும்?" இந்த வாஞ்சைக்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் இதற்கு ஒரே வரியில் பதில் எழுதுவது கூடாத காரியம். ஆகவே இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும்; பொறுமையோடு வாசியுங்கள். கோபுரம் கட்டப் புறப்பட்டவனைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது!

மின்சாரம் நின்றால் நடப்பது என்ன?

வீட்டில் கரண்டு போனால் வியர்க்கும். மாவு ஆட்டுவது தள்ளிப்போகும். ஆஸ்பத்திரியில் அப்படியல்ல. பிறந்தவுடன் அழாத குழந்தையின் வாயிலும் மூக்கிலும் உள்ள சளியை உறிஞ்சி எடுக்கும் கருவி, அந்தக் குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர், மூச்சுத்திணறும் முதியவருக்கு ஆக்சிஜன் தரும் இயந்திரம், ஆபரேஷன் தியேட்டரில் மேலே தொங்கும் விளக்கு, கத்தி கத்தரிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், இரத்த வங்கியின் குளிர்பெட்டி ஆகிய எல்லாம் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். அந்தக் குளிர் தவறினால் மருந்தைப் பார்த்து ஒருவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஊசி போடப்படும்; தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள்; பாதுகாப்பு மட்டும் இராது.

தமிழ்நாட்டு மக்களுக்கு 2012-ஆம் ஆண்டு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. அந்த நிலைமை இப்போது இல்லை. ஆனாலும் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. ஆஸ்பத்திரி அதிகமாய்த் தேவைப்படும் நாளில்தான் கம்பியும் அறுந்து விழுகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உலக அளவில் பார்த்தால் பாரம் இன்னும் பெரியது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட அறிக்கை, ஏழை நாடுகளில் ஏறக்குறைய 100 கோடிப் பேர் மின்சாரமே இல்லாத, அல்லது நம்பத்தகாத மின்சாரமுள்ள சுகாதார நிலையங்களையே நம்பியிருக்கிறார்கள் என்று கூறுகிறது. 2008-ல் கலிபோர்னியாவிலிருந்து வட நைஜீரியாவுக்குச் சென்ற லாரா ஸ்டேச்சல் என்ற மகப்பேறு மருத்துவர் இதை நேரில் கண்டார். அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. கைவிளக்கின் வெளிச்சத்தில் அதை முடிக்க வேண்டியதாயிற்று. அவருடைய கணவர் ஹால் அரோன்சன் சூரிய மின்சாரம் பற்றிப் பாடம் நடத்துகிறவர். இருவரும் சேர்ந்து, தகடு, பேட்டரி, விளக்குகள், குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்கும் கருவி எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கினார்கள். "சூரியப் பெட்டி" என்று அழைக்கப்படும் இந்த மஞ்சள் பெட்டி இன்று ஆயிரக்கணக்கான பிரசவ நிலையங்களில் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

நம் தேசத்திலும் சாட்சி உண்டு. சத்தீஸ்கர் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, மாநில எரிசக்தி நிறுவனமான 'க்ரெடா' சூரிய மின் அமைப்புகளைப் பொருத்தியது. டெல்லியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் 2017-ல் இவற்றைப் பார்வையிட்டு, சூரிய மின்சாரம் பெற்ற நிலையங்களில், அது இல்லாமல் மின்தட்டுப்பாட்டில் இருந்த நிலையங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரசவங்கள் நடந்ததாக எழுதியது. இரவில் விளக்கு எரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே தாய்மார் அங்கே வருவார்கள்?

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு

ஜெனரேட்டர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். புயல் நாளில் அது இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் அது தின்னும் டீசலைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் மூன்று யூனிட் மின்சாரம் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டுமே 30 ரூபாய். மின்வாரியக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. எண்ணெய் மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் தனி. பாதி பாரத்தில் ஓடும்போது இன்னும் மோசம். ஏழை நோயாளியின் பில்லில் தள்ளுபடி செய்ய நீங்கள் அனுப்பும் பணம் புகையாய்ப் போகிறது என்றால் அது மிகைச் சொல் அல்ல.

மின்சாரம் நின்ற பிறகு ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் சில நொடிகள் கழியும். வார்டுக்கு அது பரவாயில்லை. தியேட்டருக்கு அப்படியல்ல. ஆகையால் இடையில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தே ஆகவேண்டும். பேட்டரியைப் பற்றிப் பின்னால் எழுதுகிறோம். இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயமே அதுதான்.

தகடு இருந்தும் இருட்டு!

சூரியத் தகடுகள் பொருத்திய கட்டடத்தில் கரண்டு போனாலும் விளக்கு எரியும் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். எப்போதும் அப்படியல்ல. மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்டு, பேட்டரி இல்லாத அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நடுப்பகல் வெயில் தகதகவென்று அடித்தாலும் நின்றுவிடும்! இது பழுதல்ல. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனின் உயிருக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நம் கூரையிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் கதி என்ன?

ஆகவே இரண்டு வகை உண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியோடு இணைந்த வகை விலை குறைவு, மின்கட்டணத்தைக் குறைக்கும், மின்வெட்டில் தனியாக உதவாது. பேட்டரியோடு கூடிய வகை விலை அதிகம். மின்வெட்டிலும் இரவிலும் உதவும். பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் வகையில் பெரிய அமைப்பும், பிரசவ அறை, தியேட்டர், தடுப்பூசிக் குளிர்பெட்டி ஆகியவற்றுக்கென்று இரண்டாம் வகையில் சிறிய அமைப்பும் வைப்பதே புத்தியான வழி என்பது எங்கள் கருத்து. ஆஸ்பத்திரி முழுவதையும் பேட்டரியில் ஓட்ட நினைப்பது பணத்தைத் தண்ணீராய் இறைப்பதாகும்.

குளிர்பெட்டியில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. சூரியனில் நேரடியாக ஓடும் தடுப்பூசிப் பெட்டிகள் பகலில் உள்ளே பனிக்கட்டியை உறையவைத்து, இரவில் அந்தக் குளிரிலேயே மருந்தைக் காக்கின்றன. பேட்டரிக்கு வேலையே இல்லை. மலைக்கிராமத்துக் கிளை மருத்துவமனைகளுக்கு இது மிகவும் ஏற்றது.

முதலில் விசிறியை மாற்றுங்கள்

இனி வாக்களித்த கணக்கு. தமிழ்நாட்டின் வெயிலில் ஒரு கிலோவாட் சூரிய அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி கூரை வேண்டும்.

வார்டுகளில் 100 பழைய சீலிங் விசிறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 75 வாட். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 150 யூனிட் செலவாகும். பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லப்படும் புதுவகை விசிறி அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. 100 விசிறிகளுக்கும் 60 யூனிட் போதும். மிச்சம் 90 யூனிட். இந்த 90 யூனிட்டைத் தகடுகளால் உண்டாக்க வேண்டுமானால் 22 கிலோவாட்டுக்கு மேல் அமைப்பும், 2,200 சதுர அடிக்கு மேல் கூரையும் வேண்டும். விசிறிகளை மாற்ற ஆகும் செலவு அதில் பாதிகூட வராது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்: விசிறி வாங்கித் தர யாரும் முன்வருவதில்லை! தகடு என்றால் திறப்பு விழா உண்டு, படம் எடுக்கலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். விசிறிக்கு ஏது திறப்பு விழா? எங்கள் பங்காளர்களிடம் அன்போடு சொல்கிறோம், ஒரு சபை வார்டுக்கு விசிறிகள் வாங்கித் தருவது அதே பணத்தில் தகடு வாங்கித் தருவதைவிடப் பெரிய உபகாரம்.

டியூப் லைட்டிலும் இதே கதைதான். பழைய 40 வாட் குழல் சோக்குடன் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் தின்னும், எல்.இ.டி. குழல் 20 வாட்டில் அதே வெளிச்சம் தரும். குளிர்சாதனத்தில் ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைப்பதற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கனச் செயலகம் கூறுகிறது. அலுவலகத்திலும் கருத்தரங்கு அறையிலும் 18 டிகிரி வைத்துச் சால்வை போர்த்திக்கொண்டு உட்காருவது எதற்கோ, எங்களுக்கு விளங்கவில்லை.

வெந்நீர் சற்று பெரிய விஷயம். பிரசவமான தாய்க்கு, குழந்தையைத் துடைக்க, துணி வெளுக்க என்று நாள் முழுவதும் வேண்டும். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஆகும். நாளுக்கு ஆயிரம் லிட்டர் என்றால் 35 யூனிட். இதைச் சூரிய மின்தகட்டில் மின்சாரமாக்கி, மறுபடி கெய்சரில் சூடாக்குவது சுற்றுவழி. கண்ணாடிக் குழாய்கள் வைத்த சூரிய வெந்நீர்க் கலம் வெயிலின் சூட்டை நேராகவே தண்ணீரில் சேர்த்துவிடும். அசையும் பாகம் ஒன்றுமில்லை. திருமலையில் 2002 முதல் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, பல்லாயிரம் பேருக்கு உணவு சமைத்துவந்தார்கள். ஆட்டோகிளேவுக்கும் சலவைக்கும் நீராவி வேண்டிய பெரிய மருத்துவமனைகள் கவனிக்கத்தக்க உதாரணம் அது. உப்புத்தண்ணீர் உள்ள ஊர்களில் மட்டும் குழாய்களில் உப்புப் படியும். வருஷம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

இங்கே கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு முன் மிஷனெரிகள் கட்டிய வார்டுகளில் உயர்ந்த கூரை, அகன்ற வராந்தா, எதிரெதிர் ஜன்னல்கள், மேலே வென்டிலேட்டர்கள் இருக்கும். பகலில் விளக்கே தேவைப்படாது. அதன் பக்கத்திலேயே பிற்பாடு கட்டிய கான்கிரீட் பெட்டிகளில் நண்பகலிலும் டியூப் லைட்; விசிறி அனல்காற்றைச் சுழற்றும். அவர்கள் சிக்கனம் என்று எண்ணி அப்படிக் கட்டினார்களோ, வேறு வழியின்றிக் கட்டினார்களோ, நமக்கு நன்மையாயிற்று. இனி புதுக் கட்டடம் எழுப்பும்போது அந்தப் பழைய வார்டில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரைபடம் போடுவது நல்லது. இருக்கிற மொட்டை மாடிகளுக்குச் சுண்ணாம்பு அல்லது வெள்ளைப் பூச்சு அடித்தாலே கீழே உள்ள நோயாளிக்குத் தெரியும்.

தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த நம் கிறிஸ்தவப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, 1945-ல் எழுதிய "நிலைத்த பொருளாதாரம்" என்னும் நூலில் இதைத்தான் வேறு விதமாய் விளக்கினார். நிலக்கரி, எண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. மரமும் ஓடும் நீரும் ஆண்டுதோறும் திரும்பிவரும் வரவு. வரவுக்குள் வாழ்வதே நிலைக்கும் என்றார். காந்தியடிகளோடு நின்ற அவரை நம் சபைகள் மறந்தே போய்விட்டன.

ஓடந்துறையின் பாடம்

சிறிய ஊர் ஒன்று என்ன செய்ய முடியும் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சியைச் சொல்லலாம். ஆர். சண்முகம் தலைவராய் இருந்த காலத்தில், தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஆன மின்கட்டணம் ஊராட்சியின் வரவை விழுங்கிக்கொண்டிருந்தது. 2003-ல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் கருவி ஒன்றை வைத்தார்கள். அதில் பழகிய பிறகே 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். காற்றாலையைத் தங்கள் ஊரில் நடவில்லை. காற்று நன்றாய் வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் நட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற பணத்தில் கடனை அடைத்தார்கள்.

இதில் எங்களைத் தொட்டது காற்றாலை அல்ல, அவர்கள் சென்ற வரிசை. பில்லைப் பார்த்தார்கள். சிறிய கருவியில் கைபழகினார்கள். பிறகு கடன் வாங்கத் துணிந்தார்கள். இலவசமாய் வந்த கருவியை யாரும் கவனிக்கமாட்டார்கள். தவணை கட்டவேண்டிய கருவியைத் தினமும் போய்ப் பார்ப்பார்கள்!

ஆறாம் வருஷத்து எண்ணெய்

இப்போது பேட்டரிக்கு வருகிறோம். சூரியத் தகடு 25 வருஷம் உழைக்கும் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் உழைக்கவும் செய்கிறது. ஆனால் அதோடு வரும் ஈய அமில பேட்டரி நான்கு முதல் ஆறு வருஷம்தான். வடிநீர் ஊற்றாமல் விட்டால் அதுவும் இல்லை. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய பத்து வருஷம் வரும், விலை கூடுதல். எப்படியானாலும், தகடு ஒரு முறை வாங்குகிற காலத்தில் பேட்டரியை இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு முறை வாங்க வேண்டும். அந்த இரண்டாம் பேட்டரிக்குப் பணம் யார் தருவது? பெயர்ப் பலகை முன்பே வைத்தாயிற்று. காணிக்கை கொடுத்த சபையில் போதகரும் மாறியிருப்பார். ஆஸ்பத்திரி நிர்வாகமோ சம்பளத்துக்கும் மருந்துக்கும் நடுவே தவித்துக்கொண்டிருக்கும். கிராமப்புற சுகாதார நிலையங்களில் நிறுவப்பட்ட சூரிய அமைப்புகள் பல, உலகெங்கும், இந்த இடத்தில்தான் செத்துப்போயிருக்கின்றன. தகடுகள் கூரைமேல் வெயிலைப் பார்த்தபடியே இருக்கும்; கீழே மெழுகுவர்த்தி எரியும். சத்தீஸ்கரில் பலன் கிடைத்ததற்கு ஒரு முக்கிய காரணம், பொருத்தியதோடு விடாமல், சுற்றிவந்து பராமரிக்க ஆட்களையும் அதற்கென்று பணத்தையும் ஏற்படுத்தியதே.

புத்தியுள்ள கன்னிகைகளிடத்தில் தீவட்டி மட்டுமல்ல, பாத்திரத்தில் எண்ணெயும் இருந்தது. புத்தியில்லாதவர்களிடமும் தீவட்டி இருக்கத்தான் செய்தது! இந்த உவமையின் ஆவிக்குரிய அர்த்தத்தைப் போதகர்கள் சொல்வார்கள். இன்வெர்ட்டர் அறைக்கும் அது பொருந்துகிறது என்று மட்டும் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு சபை சூரிய அமைப்புக்குக் காணிக்கை சேர்க்கும்போது, பத்தில் ஒரு பங்கையாவது தனியே வைப்பு நிதியாக வைக்கும்படி கேட்கிறோம். முதல் வருஷத்திலேயே வைத்தால், பேட்டரி மாற்றும் வருஷத்தில் கையேந்த வேண்டியிராது. இன்னொன்று, ஆஸ்பத்திரி ஊழியரில் ஒருவருக்கு, முடிந்தால் உள்ளூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த வாலிபருக்கு, இதிலே பயிற்சி கொடுக்க வேண்டும். வேலை அதிகமில்லை. தூசியும் காக்கை எச்சமும் படியும் தகடுகளை வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். நண்பகலில் சுடும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. பேட்டரி முனைகளில் பூக்கும் பச்சை வெள்ளையைத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். தினமும் எத்தனை யூனிட் வந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு கிளையின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் அதோடு கோர்த்த வரிசை முழுவதுமே சோர்ந்துபோகக்கூடும். அதற்காக வேப்பமரத்தை வெட்டிவிடாதேயுங்கள்! வேறு கூரையைப் பாருங்கள். அந்த நிழலில்தான் நோயாளிகளின் உறவினர் சோற்றுமூட்டையை அவிழ்க்கிறார்கள்.

உங்கள் சொந்த வீட்டுக்கு வைக்க விரும்புகிறவர்கள், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைத் திட்டத்தை விசாரியுங்கள். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். அது வீடுகளுக்கு மட்டுமே, ஆஸ்பத்திரிக்குப் பொருந்தாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்குமுன் பேட்டரிகளையும் ஜெனரேட்டரையும் இடிதாங்கியையும் பரிசோதித்து முடிக்க வேண்டும். மாற்றவேண்டியவற்றை அப்போதே மாற்றியாக வேண்டும். இதற்கென்று உதவ ஏவப்படுகிறவர்கள் காணிக்கை அனுப்பும்போது "பேட்டரி நிதி" என்றோ "வார்டு விசிறி" என்றோ குறிப்பிட்டு எழுதுங்கள். இரசீதிலும் அப்படியே எழுதித் தருவோம். வேறு செலவுக்கு அதை எடுக்கமாட்டோம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனை ஊழியர் குழுவினர்